தார் மணத்த ஏலக்காய்

ஏலக்காயில் தார் வாடை அடித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பாயசக் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோகும்போது பக்கத்துத் தெருவில் ரோடு போடுகிற மாதிரி இருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மார்கழி மாதம், பினாங்கில் எங்கள் மசாலைக் கடைக்கு வந்த மூட்டை அப்படித்தான் இருந்தது. கல்யாணங்களுக்குச் சமைக்கும் ஒருவர், வாங்கிப்போனதைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எங்கள் கடையில் மூக்கு என்றால் நான்தான். மூட்டையைப் பிரிக்காமலே எந்த வருடத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவேன் என்று அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பான். அந்த மூட்டை வந்த வாரம் பார்த்து எனக்குச் சளி. என் மூக்கு செய்த தப்புக்கு நானே போவதுதான் முறை என்று அண்ணன் சொல்லிவிட்டான். அந்தக் காயில் இரண்டு கைப்பிடியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு புறப்பட்டேன். தைப்பூசத்துக்கு ஊரில் இல்லாமல் போகிறோமே என்ற எரிச்சல் வேறு. தப்புச் செய்த ஆளைக் கண்டுபிடித்து நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்புவது, இதுதான் திட்டம்.

போடிநாயக்கனூரில் பஸ்சை விட்டு இறங்கியபோது காலை பத்து மணி. நிமிர்ந்து பார்த்த பக்கமெல்லாம் மலை. காற்றில் ஏலக்காய் வாசனை. சைக்கிளில் போகிறவர், வாழைப்பழம் விற்கிறவர், போஸ்ட்மேன் என்று யாரைக் கடந்தாலும் அதே வாசனை. அந்த ஊர்க்காரர்கள் அதைக் கவனிப்பதாகவே தெரியவில்லை. எங்கள் ஊரில் கடல் வாடையை நாங்கள் மறந்துபோனது போலத்தான்.

சன்னாசி மாமா அப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் காய் அனுப்புகிறவர். உறவு ஒன்றும் கிடையாது. கடிதத்தில் மாமா மாமா என்று எழுதி எழுதி மாமாவாகிவிட்டார். சரக்குச் சேர்த்துவைக்கும் அவருடைய கிட்டங்கியில் முப்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து, முறத்தில் காயைப் பரப்பி, தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் டப்பாவைத் திறந்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவர் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, மணமாகத்தானே இருக்கிறது என்றார். அவர் இடது கையில் மூக்குப்பொடி மட்டை இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். நாற்பது வருடப் பொடி. அந்த மூக்கிடம் நியாயம் கேட்டு என்ன பயன்?

முறத்தோடு இருந்த ஒரு பெண்தான் டப்பாவை வாங்கி முகர்ந்து, மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்த மூட்டையைப் பிரித்த அன்றே அவர்களுக்கு வாடை வந்ததாம். ஆனால் அன்றைக்குக் கிட்டங்கி வாசலில் ரோட்டுக்குத் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதுதான் என்று நினைத்துவிட்டார்களாம்.

மாமாவுக்கு முகம் வாடிவிட்டது. உள்ளே போய் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரத் துண்டைக் கொண்டுவந்தார். அந்த மூட்டையோடு மலையிலிருந்து வந்த அடையாளம் அது. ஆணியால் மூன்று துளை அடித்திருந்தது. மூன்றாவது எடுப்புக் காய் என்று அர்த்தம். ஏலக்காயை ஒரேயடியாகப் பறிப்பதில்லை. காய் முற்ற முற்ற நாற்பது நாளைக்கு ஒருமுறை சுற்றி வந்து எடுப்பார்கள். போடிமெட்டுக்குக் கீழே பெருமாள்சாமி என்பவருடைய சின்ன எஸ்டேட். எங்களுக்கு எப்போதும் அந்தக் காய்தான், வேறெதோடும் கலக்காமல் வரும்.

"அந்த எஸ்டேட்டுப் பயலுக ரோட்டோரம் கெடந்த பழைய தார்ப் பீப்பாய வெட்டி ஒட்டி, காய் காய வைக்கிற அடுப்பு கட்டியிருக்கானுக ஆத்தா. விறகு பாதிதான் செலவாகுதாம்" என்றார் மாமா. இந்தத் தகரமும் அந்தப் பீப்பாய் மூடியிலிருந்து வெட்டியதுதானாம்.

விஷயம் முடிந்துபோனது என்று எனக்குத் தோன்றியது. தார்ப் பீப்பாயில் அடுப்புக் கட்டினால் தார் மணக்காமல் மல்லிகையா மணக்கும்? நான் மேலே போய்ச் சொன்னால் முதலாளி அன்றைக்கே அந்த அடுப்பைப் பிரித்துப் போட்டுவிடுவார் என்று மாமா இழுத்தார். பிரிக்கட்டுமே என்றேன். அவர் மூக்குப்பொடி மட்டையைத் திறந்தார். மத்தியானம் அத்தை போட்ட மொச்சைக் குழம்பும் சுட்ட கருவாடும் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு முழுவதும் அதே கடுகடுப்போடு இருந்திருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் ஜீப்பு. எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிப்போகிற ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அங்கே கணக்கே கிடையாது. இடம் தீர்ந்த பிறகு கம்பி. கம்பி தீர்ந்த பிறகு ஆள்மேல் ஆள். எங்கள் பினாங்கு மலைக்கு ரயில் இருக்கிறது. மணியடித்து, கதவைச் சாத்தி, மரியாதையாக ஏற்றிவிடும். இங்கே என் ஒரு கால் ஜீப்பிலும் இன்னொரு கால் யாருடைய அரிசிப் பையிலுமாக இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் வெளியே பார்க்காமல் இருக்க, கூரைப் படுதாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் கறுப்பாக ஒட்டுப்போட்டிருந்தது.

பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து ஜீப்பு நின்றுபோனது. டிரைவர் எல்லோரையும் இறக்கிவிட்டு, தண்ணீர் இருந்தால் கொண்டா கொண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாப் பெண்கள் கையிலும் தண்ணீர் இருந்தது, ஒருவரும் நீட்டவில்லை. கடைசியில் இருபது வயது மதிக்கத்தக்க ஒருத்தி தன்னுடையதைக் கொடுத்தாள். பழைய பால்மாவு டின். கம்பியில் கைப்பிடி போட்டிருந்தது. எங்கள் ஊர்க் கோப்பிக்கடைகளில் பால் டின்னில் கயிறு கட்டித்தான் கோப்பி ஊற்றித் தருவார்கள். ஏனோ அதைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்து, அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன்.

பெயர் வேலுத்தாயி. பெருமாள்சாமி எஸ்டேட்டில் காய் எடுக்கிறாள். ஊருக்குள் ரேஷன் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். குடிக்கிற தண்ணீரைக் கொடுத்துவிட்டாயே என்றேன்.

"எங்களுக்கு ஊத்து இருக்குக்கா. மத்தவங்களுக்கு அது இல்லைல்ல" என்றாள்.

காலி டின்னை டிரைவர் திருப்பிக் கொடுத்தபோது நான் வாங்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் கறுப்பு ஒட்டு. மூக்கருகே கொண்டுபோனேன். தார். அவளுக்கு என் முகம் போன போக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். அந்த மலைச் சரிவில் எது ஒழுகினாலும் தார்தானாம். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லயன் வீட்டுக் கூரை, வாளி, படுதா, சோத்துச் சட்டி மூடி என்று எல்லாவற்றுக்கும். ரோடு போட்டவர்கள் விட்டுப்போன பீப்பாயில் அடியில் ஒட்டிக் கிடப்பதைச் சுரண்டி, வெயிலில் இளக்கி, மண்ணோடு பிசைந்து அப்பிவிடுவார்கள். ஆயுசுக்கும் ஒழுகாது என்று சொன்னாள்.

ஜீப்பு மெட்டுக்குப் போய்த்தான் நிற்கும். அங்கே கேரள எல்லைச் செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு சாயாக்கடை. கடைக்காரர் எனக்கு "சேச்சி" என்றும் வேலுத்தாயிக்கு "ஆத்தா" என்றும் சொல்லி, ஒரே தண்ணீரில் இரண்டு மாநிலத்துக்கும் டீ போட்டார். குளிருக்கு அது அமிர்தம். பிறகு வந்த வழியே நடந்து இறங்கி, ஒரு வளைவில் பிரிகிற ஒற்றையடிப் பாதையில் அவள் பின்னால் போனேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அதுவரை அவளிடம் சொல்லவில்லை.

முதலில் ஊற்றுக்குத்தான் கூட்டிப்போனாள். டின்னை நிரப்ப வேண்டுமே. பாறை இடுக்கிலிருந்து கை மொத்தத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்த வருடம் மழை சரியில்லை. பக்கத்து எஸ்டேட்டுகளில் ஊற்றெல்லாம் கார்த்திகையிலேயே நின்றுபோயிருந்தன. இங்கே நிற்காததற்குக் காரணம் மேலே இருந்த ஐந்து மரங்கள் என்று லயனில் எல்லோரும் நம்பினார்கள். இரண்டு நாவல், இரண்டு வெடிப்பலா, ஒரு சந்தனவேம்பு. கட்டிப்பிடிக்க மூன்று ஆள் வேண்டும். ஐந்திலும் இடுப்பு உயரத்தில் சுண்ணாம்புக் குறி போட்டிருந்தது.

ஏலக்காயைப் பறித்ததும் சூடு காட்டி உலர்த்தினால்தான் பச்சை நிறம் நிற்கும். அதற்கு ஏகப்பட்ட விறகு வேண்டும். கிடைக்கிற விறகெல்லாம் தீர்ந்து, இந்த ஐந்து மரங்களையும் வெட்ட முதலாளி ஆள் பேசிவிட்டாராம். அப்போதுதான் லயன் இளைஞர் மன்றம் குறுக்கே நின்றது. மன்றம் என்றால் வாலிபால் ஆடுகிற பதினொரு பேர். வேலுத்தாயியின் அண்ணன் முருகேசன்தான் கேப்டன்; காய் உலர்த்துகிற கட்டடமான ஸ்டோரில் அடுப்பு பார்க்கிறவனும் அவனே. பாதி விறகில் காயைக் காயவைத்துக் காட்டுகிறோம், மரத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இந்தப் பருவம் முடிகிறவரை காயில் ஒரு குறையும் வரக்கூடாது, வந்தால் மரம் இறங்கும் என்று முதலாளி ஒப்புக்கொண்டார்.

நான் பையிலிருந்த பிஸ்கட் டப்பாவை நினைத்தேன். குறை அதற்குள் இருந்தது. அதைக் கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு வந்தவள் நான்.

மன்றத்துப் பிள்ளைகள் சும்மா இருக்கிறவர்கள் இல்லை. ஊற்றைச் சுற்றி ஓட்டை டின்களிலும் கிழிந்த உர மூட்டைகளிலும் நாற்று வளர்த்திருந்தார்கள். போன வருடம் நட்ட கன்றுகளைப் பன்றி தோண்டாமல் இருக்க, பீப்பாயை வளையமாக வெட்டிச் சுற்றிப் புதைத்திருந்தார்கள். வாலிபால் கம்பம்கூட ரோட்டுக்காரர்கள் போட்டுப்போன இரும்புக் குழாய். குப்பை என்று ஒன்று அந்தச் சரிவில் என் கண்ணில் படவில்லை.

ஸ்டோரில் முருகேசன் இருந்தான். இருபத்தைந்து வயது, உயரம், அதிகம் பேசாதவன். மரியாதையாக எழுந்து நின்று அடுப்பைக் காட்டினான். வழக்கமான ஸ்டோரில் வெளியே அடுப்பு எரியும். புகை, தரையோடு போகும் இரும்புக் குழாய்க்குள் ஓடி மறுபக்கம் வெளியேறும். அந்தக் குழாயின் சூட்டில்தான் மேலே கம்பிவலைத் தட்டுகளில் இருக்கிற காய் உலரும். புகை போகிற அவசரத்தில் பாதிச் சூடு வீணாகும். இவன் பீப்பாய்களை ஒன்றோடொன்று கோத்து, குழாயைத் திருப்பி அறையை இரண்டு சுற்றுச் சுற்ற வைத்துவிட்டான். வெளியே வருகிற புகையில் கையை வைத்துக்காட்டினான், சுடவில்லை. பீப்பாய் ஒவ்வொன்றையும் ஒரு வாரம் காய்ந்த ஏலச்செடித் தட்டையைப் போட்டு எரித்துத் தாரைப் போக்கியிருந்தார்கள். மூட்டுகளைப் புற்றுமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசியிருந்தார்கள். மல்லிகையா மணக்கும் என்று கேட்ட என் வாய் இங்கே ஒன்றும் கேட்கவில்லை.

டப்பாவைத் திறந்து அவனிடம் கொடுத்தேன். முகர்ந்தான். முகம் வெளிறிப்போனது அவனுக்கு. இது எங்கள் காயில்லை என்று சொல்லவில்லை. "மூணாவது எடுப்பா?" என்று மட்டும் கேட்டான்.

நான் குனிந்து, தவழாத குறையாகக் குழாய் நெடுக முகர்ந்துகொண்டு போனேன். புற்றுமண், சாம்பல், பழைய இரும்பு. அறையின் கடைசி மூலையில், குழாய் வெளியே திரும்புகிற மூட்டில், அது இருந்தது. மண்பூச்சுக்கு மேல் இன்னொரு பூச்சு, கறுப்பாக. விரலால் தொட்டேன்.

"நாந்தேன் பூசுனேன்" என்றாள் வேலுத்தாயி, வாசலில் நின்றபடியே.

மூன்றாவது எடுப்பின்போது முருகேசன் இரண்டு நாள் வாலிபால் போட்டிக்குப் போயிருந்தான். அடுப்பைத் தங்கையிடம் விட்டுப்போனான். மூட்டில் மண் வெடித்து நூல்போலப் புகை கசிந்தது. புகை பட்டால் காய் கறுத்துவிடும். புற்றுமண் எடுக்க ஓடையைத் தாண்டிப் போக வேண்டும். ஒழுகினால் தார் என்றுதான் அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். அப்பினாள், கசிவு நின்றது. அந்த மூலையில் கை வைக்கிற சூடுதான் இருக்கும், உருகாது என்று நினைத்தாள். வாடை அவளுக்குத் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் கூரையிலிருந்து குடம்வரை அந்த வாடைதானே. நல்லது செய்ததாக நினைத்து, அண்ணனிடமும் சொல்லாமல் விட்டுவிட்டாள். கரிபடிந்த சுவரில் அவனுக்கும் அது கண்ணில் படவில்லை. நாலாவது எடுப்பில் மழையில்லாமல் காய் தேறாததால், அதற்குப் பிறகு அடுப்பே மூட்டவில்லை.

முருகேசன் தங்கையைத் திட்டவில்லை. உட்கார்ந்து ஓர் ஆணியை எடுத்துத் தாரைச் சுரண்ட ஆரம்பித்தான். "முதலாளி நாளான்னைக்கு வர்றாரு. நாளைக்கு அஞ்சாவது எடுப்புக் காயி ஏத்தணும். ஒரு தடவ மட்டும் டயம் குடுங்கக்கா. அப்புறம் நீங்களே மோந்து பாத்து அவருகிட்டச் சொல்லுங்க" என்றான்.

நறுக்கென்று கேட்க வைத்திருந்த நாலு கேள்வியில் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. சரி என்றேன்.

ஒரு மணி நேரத்தில் பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நாலு பேர் கூடையோடு ஓடையைத் தாண்டிப் புற்றுமண்ணுக்குப் போனார்கள். வந்த மண்ணைக் கிழிந்த கொசுவலையில் சலித்தார்கள். இரண்டு பேர் சுரண்டிய இடத்தில் நெருப்பு வைத்து எரித்தார்கள். வேலுத்தாயி மண்ணை மிதித்தாள். சாயங்காலம்வரை மிதித்தாள், போதும் என்று அண்ணன் சொன்ன பிறகும் மிதித்தாள். அன்றைக்கு லயனில் அவர்கள் வீட்டில்தான் கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும் பால் விடாத கட்டன் சாயாவும் சாப்பிட்டேன். கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள அரைத்த மிளகாய் கண்ணீரை வரவழைத்தது. அதனால் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் அடுப்பு மூண்டது. அதற்கு அடுத்த நாள் முற்பகல், காய் உலர்ந்து தட்டு இறங்குகிற நேரத்துக்குச் சரியாகப் பெருமாள்சாமி வந்தார். நான் ஒரு முரடரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் கையில் துண்டோடு, களைத்துப்போன, தாழ்ந்த குரலில் பேசுகிற விவசாயி. கீழே நிலமும் மேலே இந்தக் காடும் வைத்துக்கொண்டு, மழையில்லாத வருடத்தில் இரண்டையும் காப்பாற்றத் தெரியாமல் திண்டாடுகிறவர். முருகேசன் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், தார் பூசியது உட்பட. அவர் கேட்டுக்கொண்டார். தட்டுத் தட்டாக ஒரு பிடி காய் அள்ளி என் முன்னால் நீட்டினார்.

முதல் தட்டு நன்றாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது எல்லாம் அப்படியே. அத்தனை சுத்தமான காயை நான் அதிகம் முகர்ந்ததில்லை. கடைசியாக மூலைத் தட்டு. மூச்சை உள்ளே இழுத்தேன். இருந்தது. மிக லேசாக, நண்பகல் ரோட்டைத் தூரத்திலிருந்து முகர்ந்த மாதிரி. பீப்பாயின் மடிப்புக்குள் ஊறிப்போயிருக்கிறது. பொடி போடுகிற மூக்குக்கு வராது. ஏன், பாதி மூக்குகளுக்கு வராது. வெளியே பதினொரு பேரும் நின்றார்கள். ஜன்னல் வழியே அந்தச் சந்தனவேம்பின் உச்சி தெரிந்தது.

"நல்லா இருக்கு" என்றேன். என் மூக்கைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது.

பெருமாள்சாமி தலையாட்டினார். அப்போது வேலுத்தாயி முன்னால் வந்து அதே தட்டில் ஒரு காயை எடுத்து, உடைத்து, முகர்ந்தாள். இரண்டு நாளாக அவள் என் டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு முகர்ந்து பழகியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

"இல்ல மொதலாளி. இந்த மூலைத் தட்டுல இன்னும் வருது" என்றாள்.

எனக்குத் தலை நிமிரவில்லை. வெட்கம் என்றால் அதுதான் வெட்கம். பெருமாள்சாமி என்னைப் பார்க்காமல் இருக்கிற பெருந்தன்மையோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவர் முருகேசனிடம் பேசியது விவகாரம் இல்லை, வேலை. அந்த மூலையில் உள்ள இரண்டு பீப்பாயையும் எடுத்துவிட்டால்? எடுத்துவிடலாம், ஆனால் சுற்றுக் குறையும், சூடு கொஞ்சம் வெளியே போகும், விறகு கூடும் என்றான் அவன். வேறு பீப்பாய்? இனி ரோடு போட வரும்போதுதான் கிடைக்கும். எவ்வளவு விறகு கூடும்? முருகேசன் ஜன்னல் வழியே மேலே பார்த்தான்.

"பருவம் முடியிறதுக்குள்ள ஒரு மரம் வேணும்" என்றான்.

"எந்த மரம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கப்பா" என்றார் அவர். பேசி வைத்த வெட்டு ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவும் சொன்னார். மீதி நான்கு நிற்கட்டும்.

நான்கு மரம் தப்பியதற்கு அந்தப் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஊற்றுக்கு மேலே போய் மரங்களுக்கு நடுவில் நின்றார்கள். நாவல் வேண்டாம், பறவை வருகிறது. சந்தனவேம்பின் வேர் பாறைக்குள்ளேயே போகிறது, அதைத் தொட்டால் ஊற்று ஆடிவிடும். கடைசியில் தண்ணீரிலிருந்து தூரமாக நின்ற வெடிப்பலாவின் கீழே எல்லோரும் கூடினார்கள். தாங்களே வெட்டுவதாக முருகேசன் சொன்னான். கூலிக்கு வருகிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் சாய்ப்பார்கள்; நாற்றுகள் நசுங்கிவிடும்.

மறுநாள் காலையில் சாய்த்தார்கள். வாலிபால் வலையைக் கழற்றி, அதன் மேல்கயிற்றை மரத்தின் கவையில் கட்டி, பள்ளத்துப் பக்கம் ஏழு பேர் இழுத்துப் பிடித்தார்கள். முருகேசனும் இன்னொருவனும் மாறி மாறிக் கோடரி போட்டார்கள். மரம் முறிகிற சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. விழுந்த பிறகு சரிவு முழுவதும் வெளிச்சமாகிவிட்டது. அந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாற்றுகூட நசுங்கவில்லை. அவர்கள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, கிளை கழிக்க உட்கார்ந்தார்கள். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வராமல் இருந்திருந்தால் அந்த மரம் நின்றிருக்கும். இதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் இதுதான் உண்மை.

மலை இறங்குகிற ஜீப்பு ஆள் ஏற்றுகிற வளைவுவரை வேலுத்தாயி வந்தாள். ஏன் சொன்னாய், நான்தான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேனே என்று கேட்டுவிட்டேன்.

"எங்களுக்காகத்தேன் சொன்னீகன்னு தெரியும்க்கா. ஆனா ஒருக்கா போன காயி கடலு தாண்டித் திரும்பி வந்துச்சுல்ல. இன்னொருக்கா வந்தா அஞ்சும் போயிரும்" என்றாள். பிறகு, கொஞ்சம் நடந்த பிறகு, "பூசுனது நாந்தானேக்கா" என்றாள்.

மீதி நான்கும் நிற்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். காய் நன்றாக இருக்கிறதா என்பதை என் மூக்கு சொல்லிவிடும். ஆனால் அடுப்பைப் பிரித்துவிட்டு, மரங்களை வெட்டிப் பழைய முறையில் காயவைத்தாலும் காய் நன்றாகத்தான் இருக்கும். கடிதம் போடுகிறாயா என்று கேட்டேன்.

"எழுத்து அம்புட்டா வராதுக்கா. தகரத்துல அடிச்சு விடுறேன். மேல் வரிசை எடுப்புக்கு. கீழ மரத்துக்கு."

பால்மாவு டின்னை என் கையில் கொடுத்தாள். ஊற்றுத் தண்ணீர். இறங்கும்போது ஜீப்பு கொதிக்கவில்லை. கிட்டங்கி போய்ச் சேரும்வரை மடியில் வைத்திருந்து, மாமா வீட்டு வாசலில் நின்றுதான் குடித்தேன். மாமாவிடம் நான் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். மலையிலிருந்து வருகிற தகரத்தை எடுத்துவிடாமல் மூட்டையிலேயே வைத்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். அவர் அன்றைக்கு மூக்குப்பொடி போடவில்லை.

அடுத்த பருவத்துக் காய் பினாங்குக்கு வந்தது ஒரு மழைநாளில். வண்டியிலிருந்து மூட்டையை இறக்கியதும் அண்ணன் வழக்கம்போல வாயைப் பிரித்துவிட்டு, வா, மூக்கை வை என்றான். நான் கையை உள்ளே விட்டுத் துழாவினேன். காய்க்கு நடுவில் தகரம் குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன்.

மேல் வரிசையில் இரண்டு துளை. கீழ் வரிசையில் நான்கு. இன்னொரு முறை விரலால் தடவி எண்ணினேன். அதற்குப் பிறகுதான் மூட்டைக்குள் மூக்கை வைத்தேன்.